குளிரில் மறக்காத தூசு

நிழல்குழி ஆய்வு நிலையம், நிலவின் தென்முனை
பதிவு செய்பவர்: கிளாடிஸ் ஜெபக்கனி, இயற்பியல்

நாள் 58 / தரை நேரம் காலை 9.10

நிலையம் நலம். உள்ளே இருபத்திரண்டு டிகிரி. வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருநூற்றுச் சொச்சம். இந்தக் குழியின் அடியில் வெயில் விழுந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகின்றன. இந்தக் குளிருக்காகத்தான் என்னை இங்கே அனுப்பினார்கள்.

தினமும் பதிவு எழுத வேண்டும், எனக்குப் பின் வருபவர் யாராக இருந்தாலும் படித்தால் புரிய வேண்டும் என்பது விதி. ஆகவே ஒருமுறை விளக்கிவிடுகிறேன். நான் அளப்பது மிக மெல்லிய உலோக ஏடுகளுக்குள் எலக்ட்ரான்கள் ஓடும் விதத்தை. இரண்டு காந்த ஏடுகள், நடுவே செம்பு. மூன்றும் சேர்ந்தும் ஒரு தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு வராது. இரண்டு காந்தங்களும் ஒரே திசை பார்த்தால் எலக்ட்ரான்கள் சுலபமாகக் கடக்கும். எதிரெதிர் பார்த்தால் முட்டி மோதும், மின்தடை ஏறும். பக்கத்தில் ஒரு குட்டிக் காந்தம் அசைந்தால் போதும், மின்தடை காட்டிக் கொடுத்துவிடும். இந்த நிலையத்திலும் விண்வண்டிகளிலும் உள்ள மீட்டர்கள் எல்லாமே இப்படித்தான் வேலை செய்கின்றன. தொட்டிக்குள் ஒரு காந்தம் ஏறி இறங்கும், வெளியே ஒட்டிய ஏடு அதைப் பார்த்து எண் சொல்லும்.

இன்றைய அளவீடு: தோல்வி. காந்தப்புலத்தைக் கூட்டிக் குறைத்தால் வரைகோடு போன வழியே திரும்ப வேண்டும். வரவில்லை. நேற்று ஒரு வழி, இன்று ஒரு வழி. இரண்டு வாரமாக இதே கூத்து.

நான் மட்டும்தான் இருக்கிறேன். கூட இருந்த பொறியாளர் பித்தப்பைக் கல்லோடு முதல் விண்வண்டியில் ஊர் திரும்பிவிட்டார். எனக்கான வண்டி வாசலில் இருந்து கூப்பிடு தூரத்தில், இருட்டில் நிற்கிறது.

நாள் 59 / பகல் 2.40

திட்டத் தலைவர் வேதகிரியின் செய்தி வந்தது. அவர் என்னைவிட மூன்று வயது சின்னவர், ஆனாலும் சார்தான்.

"கிளாடிஸ், டேட்டா பார்த்தேன். கான்டாக்ட்ல பிரச்சனை. திரும்ப சால்டர் பண்ணிப் பாருங்க. புது இயற்பியல் எல்லாம் இல்லை, சரியா?"

புது இயற்பியல் என்று நான் எங்கே சொன்னேன்? கான்டாக்டை, ஏட்டில் கம்பி சேரும் இடத்தை, திரும்பவும் பற்றவைத்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு, நுண்ணோக்கிக்கு அடியில், விரல் நடுங்காமல். மதியச் சாப்பாடு போனது. வரைகோடு மாறவில்லை.

ஆனால் நுண்ணோக்கியில் ஒன்று பார்த்தேன். ஏட்டின்மேல் கறுப்பாகப் பொடிப்பொடியாக ஏதோ. நிலவுத் தூசு. பனிக்கட்டி தோண்டும் எந்திரம் நாள் முழுக்கக் கிளப்பிவிடுகிறதே, அது ஆடையோடு உள்ளே வந்திருக்கிறது. துடைத்து எடுத்து, மேசையில் வைத்துக் காந்தத்துக்குக் காட்டிச் சோதித்தேன். காந்தத்தை எடுத்த மறுகணம் அதில் ஒன்றுமே மிச்சமில்லை. வெறும் தூசு.

தரைக்கு, பூமியில் இருக்கும் கட்டுப்பாட்டு அறைக்கு, எழுதினேன். தூசு காரணமில்லை என்று அவர்கள் ஆய்வகத்தில் முன்பே சோதித்து முடிவு கட்டியாயிற்றாம். கான்டாக்டைப் பார்க்கச் சொல்கிறார்கள்.

நாள் 60 / காலை 10.05

இன்று வேறு தொல்லை. வெளியே இருக்கும் பெரிய ஆக்சிஜன் தொட்டி இருபத்திரண்டு சதவீதம் காட்டுகிறது. பனிக்கட்டியிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கும் ஆலை நன்றாக ஓடுகிறது, தொட்டிக்குள் அனுப்பிக்கொண்டே இருக்கிறது. தொட்டியின் எண் மட்டும் ஏறவில்லை.

தரையில் என்னோடு பேசுகிற வேலை சங்கரநயினாருடையது. பாளையங்கோட்டைக்காரர். நான் சாயர்புரம் என்று தெரிந்த நாளிலிருந்து அக்கா என்று கூப்பிடுகிறார்.

"அக்கா, இங்க எல்லாரும் பயந்து போய் இருக்காவ. உள்ள போற ஆக்சிஜன் எங்கயோ ஒழுகுதுன்னு சொல்லுதாரு சார். நீங்க வெளிய போய் தொட்டிய ஒரு சுத்து பாத்துட்டு வாங்க."

போய்ப் பார்த்தேன். ஒழுகினால் இந்தக் குளிரில் வெள்ளையாக உறைந்து படிந்திருக்கும். ஒரு பொட்டுக்கூட இல்லை. வெல்டிங் ஓரங்கள், வால்வு, குழாய் எல்லாம் சுத்தம். தொட்டி மீட்டரைச் சூடாக வைத்திருக்கும் சின்ன ஹீட்டர் மட்டும் எரிந்துபோயிருக்கிறது. அது செத்து ஒன்பது பத்து நாள் ஆகிறது. அப்போதே தரைக்குச் சொன்னேன்; அந்த மீட்டர் குளிரைத் தாங்கும், ஹீட்டர் அவசியமில்லை என்றார்கள்.

ஒழுகலில்லை என்று சொன்னேன். நம்பவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒழுகலாம்.

நாள் 61 / காலை 8.30

உத்தரவு வந்துவிட்டது. நாளை மறுநாள் நான் வண்டியேறிக் கிளம்ப வேண்டும். நிலையத்தை அணைத்துவிட்டு, ஏடுகளை அப்படியே போட்டுவிட்டு.

"அக்கா, வண்டி அருமையா இருக்கு. எரிபொருள் தொண்ணூத்தெட்டு. எல்லாப் பச்சை விளக்கும் எரியுது. ஏறி உக்காந்தா போதும்."

தொண்ணூற்றெட்டு. பழைய பதிவுகளைப் புரட்டினேன். குழிக்குள் இறங்கிய மறுநாள் தொண்ணூற்றெட்டு. அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் தொண்ணூற்றெட்டு. குளிர்ந்த எரிபொருள் கொஞ்சமாவது ஆவியாகும், எந்த வண்டியிலும் நாளுக்குக் கொஞ்சம் குறையும். இதில் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. ஆக்சிஜன் தொட்டியையும் பார்த்தேன். ஹீட்டர் செத்த நாளில் இருபத்திரண்டு. இன்றும் இருபத்திரண்டு. ஒழுகுகிற தொட்டி என்றால் எண் இறங்க வேண்டும், நிரம்புகிற தொட்டி என்றால் ஏற வேண்டும்.

இந்த இரண்டு எண்களும் உறைந்து கிடக்கின்றன.

நாள் 61 / மாலை 4.15

கண்டுபிடித்துவிட்டேன். இத்தனை நாளாக மேசையில் என் கண்ணெதிரே கிடந்தது.

தூசை அறைச் சூட்டில் சோதித்ததுதான் தப்பு. நானும், தரையில் அவர்களும். இன்று ஒரு சிட்டிகைத் தூசை என் கருவிக்குள் வைத்து, பக்கத்தில் காந்தத்தை வைத்தபடியே வெளிக்குளிருக்குக் கொண்டுபோனேன். பிறகு காந்தத்தை எடுத்தேன். தூசு காந்தமாகவே நின்றது! மணிக்கணக்காக அப்படியே நின்றது. சூடாக்கினேன், உடனே மறைந்தது.

நிலவுத் தூசுக்குள் இரும்பு உண்டு, மிக நுண்ணிய மணிகளாக. மணி அவ்வளவு சிறியது என்பதால் சூட்டில் அதன் காந்தத் திசை ஓயாமல் புரண்டுகொண்டே இருக்கும். கூட்டிப் பார்த்தால் ஒன்றுமில்லை. குளிர்ந்துவிட்டால் புரள முடியாது. குளிரும் நேரத்தில் பக்கத்தில் எந்தக் காந்தம் எந்த நிலையில் இருந்ததோ, அதையே பிடித்துக்கொண்டு உறைந்துவிடும்.

என் ஏடுகளின்மேல் இது படிந்துதான் வரைகோடு வழி மாறியது; மீட்டர்களின்மேலும் படிந்திருக்கிறது. ஹீட்டர் செத்தபோது ஆக்சிஜன் தொட்டியில் இருபத்திரண்டு இருந்தது. தூசு அதையே பிடித்துக்கொண்டது. இப்போது தொட்டி நிறைந்திருந்தாலும் மீட்டர் இருபத்திரண்டு என்றுதான் சொல்லும். வண்டி குழிக்குள் குளிர்ந்தபோது எரிபொருள் தொண்ணூற்றெட்டு. இப்போது எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது.

நயினாரிடம் சொன்னேன். பஸ் ஸ்டாண்டில் போன வருஷத்துப் பலகையை எடுக்காமல் விட்டால் இன்னும் அந்தப் பழைய நேரத்தையே காட்டுமே, அந்த மாதிரி என்றேன். அவருக்குப் புரிந்தது. வேதகிரியைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"கிளாடிஸ், உங்க வரைபடம் அழகா இருக்கு. ஒத்துக்கறேன். ஆனா ஒரு சிட்டிகை தூசு வச்சு நான் உங்க உயிரோட விளையாட முடியாது. ஆக்சிஜன் போயிட்டு இருக்குன்னு மீட்டர் சொல்லுது. வண்டி தயாரா இருக்குன்னு மீட்டர் சொல்லுது. ரெண்டும் பொய்யின்னு நீங்க சொல்றீங்க. நீங்க தப்பா இருந்தா அங்கயே செத்துடுவீங்க."

சரியாக இருந்தால் வண்டியில் சாவேன் என்றேன். என் வார்த்தை போய் அவர் வார்த்தை வர மூன்று நொடி ஆகும்.

"வண்டியோட மீட்டரைச் சூடாக்க அனுமதி கிடையாது. எரிபொருள் பக்கத்துல தீ வேண்டாம். ப்ளீஸ்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்திருக்கிறார். அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்துகிறது. கெட்டவராக இருந்தால் திட்டியாவது தீர்த்துக்கொள்வேன்.

நாள் 62 / பகல் 11.20

மருத்துவப் பெட்டியில் மின்சாரச் சூட்டுத் துணி ஒன்று உண்டு, உடம்பு குளிர்ந்தால் போர்த்துவதற்கு. அதை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வண்டிக்கு அனுமதியில்லை, தொட்டியைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆக்சிஜன் மீட்டரைச் சுற்றிக் கட்டி மின்சாரம் கொடுத்தேன்.

முதலில் அசையவில்லை. பிறகு இருபத்தைந்து. முப்பது. அப்புறம் கடகடவென்று ஏறி தொண்ணூற்றொன்றில் நின்றது.

தொட்டி நிறையக் காற்று! வெளியில் நின்றுகொண்டு தலைக்கவசத்துக்குள் தனியாகக் கத்தினேன். யாருக்கும் கேட்டிருக்காது.

தரையிலிருந்து வேதகிரியின் பதில்:

"சூடு பட்டா எந்த சென்சாரும் தப்பாத்தான் காட்டும், கிளாடிஸ். அது தொண்ணூத்தொண்ணு இல்லை, சூடு பண்ணதால வந்த பிழை."

இதற்கு மேல் என்ன செய்ய? சூடாக்கினால் உண்மை வரும் என்கிறேன். சூடாக்கியதால் பொய் என்கிறார்கள். சுவரோடு பேசுகிற மாதிரி இருக்கிறது, அதுவும் மூன்று நொடி தள்ளிப் பதில் சொல்கிற சுவர்.

என் கணவர் சாலமோனின் செய்தியும் வந்திருந்தது. அவரிடம் விஷயத்தை நயினார் சொல்லியிருக்கிறார் போல.

"கிளாடி, நீ சொல்றதுதான் சரின்னு நிரூபிச்சுக்கிட்டே இருக்காத. மொதல்ல வந்து சேரு. சண்டைய இங்க வந்து போட்டுக்கலாம்."

வந்து சேர்வதற்காகத்தான் நிரூபிக்கிறேன் என்று பதில் அனுப்பினேன். கடுமையாக வந்துவிட்டது. திரும்ப எடுக்க முடியவில்லை.

நாள் 62 / மாலை 5.00

அனுமதி கேட்கவில்லை. வண்டிக்குப் போனேன்.

சூட்டுத் துணியில் தீப்பொறி வராது, இங்கே எரிய வைக்கக் காற்றும் கிடையாது. இதையும் முன்பே சொல்லியிருந்தேன். எரிபொருள் மீட்டரைச் சுற்றிக் கட்டினேன். தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றெட்டு. நானே தப்பாக இருந்தால் நன்றாக இருக்கும் என்று அந்த நேரத்தில் தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. தப்பாக இருந்தால் அவமானம் மட்டும்தான். ஏறி உட்கார்ந்து ஊர் போய்விடலாம்.

தொண்ணூறு. எழுபது. நாற்பது. பதினைந்து. மூன்று.

மூன்றில் நின்றது. அதோடு துணியின் கம்பி குளிரில் வெடித்து அறுந்துபோனது. இனி அது உதவாது.

எரிபொருள் வால்வு முழுதாக மூடவில்லை. இரண்டு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போயிருக்கிறது. வால்வு மூடியிருக்கிறது என்று சொல்கிற மீட்டரும் அதே ரகம்தான். நாளை ஏறியிருந்தால் ஒரு பனைமர உயரம் எழும்பித் திரும்ப விழுந்திருப்பேன்.

எண்களை அனுப்பினேன். பிறகு வேதகிரி.

"கிளாடிஸ். நான்... உங்களை ஏறச் சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னார். நான் ஜெயித்திருக்கிறேன். திரும்பிப் போக வண்டி இல்லை.

நாள் 63 / காலை 7.45

நயினார் கூப்பிட்டார். குரலே சரியில்லை.

"அக்கா, ஒரு விஷயம் உங்ககிட்ட சொல்லாம வச்சிருந்தோம். திட்டாதீங்க. நீங்க ஏற மாட்டேன்னு அடம் பிடிச்சா என்ன பண்ணன்னு யோசிச்சு, மூணு நாளைக்கு முன்னயே ஒரு மீட்பு வண்டிய அனுப்பிட்டோம். ரெண்டு பேர் வாராங்க. இன்னைக்கு இறங்குதாங்க."

எங்கே என்று கேட்டேன்.

"உங்க பக்கத்துலயேதான் அக்கா. குழிக்குள்ள."

நான் திட்டிய திட்டு பதிவில் வேண்டாம். அதே மீட்டர்கள் உள்ள வண்டி. குழிக்குள் இறங்கினால் தூசைக் கிளப்பும், குளிரும், உறையும். மூன்று பேரும் ஒரு பொய் எண்ணை நம்பி ஏறுவோம்.

இந்த முறை வேதகிரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை.

"எங்க இறக்கணும்னு நீங்க சொல்லுங்க."

குழியின் விளிம்பில் என்றேன். அங்கே இப்போது வெயில் இருக்கிறது. வெயிலில் தூசு எதையும் பிடித்து வைக்காது, மீட்டர் பொய் சொல்லாது. ஆனால் விளிம்பில் வெயில் இன்று ஒரு நாள்தான், அதற்குள் அவர்கள் திரும்ப ஏறியாக வேண்டும். அவர்களிடம் நிலத்தில் ஓடும் ஊர்தி கிடையாது. என்னிடம் இருக்கிறது. நான்தான் மேலே போக வேண்டும், ஏற்றம் ஆறு மணி நேரம்.

ஊர்தியின் ஆக்சிஜன் சிலிண்டரை நிரப்பப் பார்த்தேன். இணைப்புக் குழாயின் வாயில் தூசு அடைத்து, காற்று பாதி உள்ளே, பாதி வெளியே. எவ்வளவு உள்ளே போனது என்று தெரியவில்லை. மீட்டர் எண்பது என்கிறது. நிரப்புவதற்கு முன்பும் எண்பது என்றது. சூட்டுத் துணி செத்துவிட்டது. ஊர்தியை உள்ளே கொண்டுவந்து சூடாக்க இங்கே இடமில்லை. கையில் தூக்குகிற சின்ன சிலிண்டர்கள் இரண்டை ஏற்றிக்கொண்டேன்.

எவ்வளவு காற்றோடு போகிறேன் என்று எனக்குத் தெரியாது. வெயிலுக்குப் போனால் தெரியும்.

நாள் 63 / பகல் 12.20, ஊர்தியில்

இனி எழுத முடியாது. சொல்லச் சொல்ல ஆடைக்குள் இருக்கும் கருவி பதிந்துகொள்கிறது.

பாதி வழி. விளக்கு வெளிச்சத்தில் பத்தடி தெரிகிறது, அதற்கு அப்பால் ஒன்றுமில்லை. சக்கரம் வழுக்குகிறது. ஒரு சின்ன சிலிண்டர் தீர்ந்தது. சொன்ன நேரத்துக்கு முன்பே. ஏற்றத்தில் மூச்சு அதிகம் வாங்குகிறேன்.

சாலமோனோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டே வருகிறேன். நிரூபிச்சுக்கிட்டே இருக்காத என்கிறார். இருபது வருஷமாக இதுதான் சண்டை. அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எனக்குச் சரியாக இருப்பது பிடிக்கும். ஆனால் நேற்று அந்த மீட்டர் மூன்றுக்கு இறங்கியபோது பிடிக்கவில்லை. இதை அவரிடம் சொல்ல வேண்டும். நேரில்.

நாள் 63 / பகல் 2.30

இரண்டாவது சிலிண்டரும் முடிந்தது. இனி ஊர்தியின் காற்றுதான். எண்பது என்கிறது. பேட்டரி குறைவு என்று சிவப்பு விளக்கு. விளிம்பு மேலே கத்தி மாதிரி பளபளக்கிறது.

தலைக்கு மேல் ஒரு வெளிச்சம் நகர்ந்து போனது. அவர்கள்தான்.

நாள் 63 / பகல் 3.15, விளிம்பு

வெயில். கண் கூசுகிறது. இரண்டு மாதமாகிறது பார்த்து.

சூரியன் தரையோடு தரையாக, நேர் எதிரே நிற்கிறது. மீட்பு வண்டி தூரத்து மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. ஊர்தி நின்றுவிட்டது. பேட்டரியில் ஓட்டுவதற்குப் பலமில்லை. குரல் வந்தது. மீட்பு வண்டியின் தலைமை விமானி நிலோஃபர்.

"டாக்டர், வணக்கம். நாங்க பத்திரமா இறங்கிட்டோம். நீங்க விளிம்புக்கு வந்தது தெரியுது. உங்க குரல் விட்டு விட்டுத்தான் வருது, ஒண்ணும் புரியல. ஆனா உங்க ஆக்சிஜன் எண் தெளிவா வருது. எண்பது. நல்லா இருக்கு. எஞ்சின் ஆறட்டும், ஒரு மணி நேரத்துல நடந்து வந்து கூட்டிட்டுப் போறோம். அசையாம இருங்க."

முன்னால் இருக்கும் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதன்மேல் வெயில் விழுகிறது. எழுபத்தைந்து. அறுபது.

3.24

பதினொன்று.

பதினொன்றில் நிற்கிறது. அரை மணி நேரம் வரலாம். வராமலும் போகலாம்.

கூப்பிட்டேன். திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். பதினொன்று, பதினொன்று என்று கத்தினேன். ஊர்தியின் ரேடியோ தரை வரை எட்டாது.

"டாக்டர், நீங்க பேசறது இரைச்சலாத்தான் கேக்குது. பதட்டப்படாதீங்க. எண்பதுதான் காட்டுது. மீட்டர் பொய் சொல்லுமோன்னு யோசிச்சுத் தரைகிட்டயும் கேட்டுட்டோம். வெயில்ல இருந்தா பொய் சொல்லாதுன்னு நீங்களே சொன்னீங்களாமே. பத்து நிமிஷமா வெயில்லதான் இருக்கீங்க. அமைதியா மூச்சு விடுங்க."

நானே சொன்னேன்.

ஏன் எண்பது? என் முன்னால் பதினொன்று. அவர்களுக்கு எப்படி எண்பது?

3.29

இரண்டு மீட்டர்கள். ஒன்று என் முன்னால், என் ஆடைக்கு வரும் குழாயில். இன்னொன்று பின்னால், சிலிண்டர்மேல். பின்னால் இருப்பதன் எண்தான் ரேடியோவில் போகிறது. சூரியன் முன்னால் இருக்கிறது. பின்பக்கம் முழுக்க ஊர்தியின் நிழல். இங்கே நிழல் என்றால் குழிதான். அதே குளிர். அங்கே தூசு இன்னும் எண்பதைப் பிடித்துக்கொண்டு இருக்கிறது.

இறங்கி மேட்டுக்கு நடக்க முடியாது. குழாயைக் கழற்றினால் ஆடையில் இருப்பது சில நிமிடம்தான்.

மேடு மறைக்கிறது, குரல் போகவில்லை. எண் போகிறது. எண்ணைத்தான் பேச வைக்க வேண்டும்.

ஓட்டப் பலமில்லை. இருந்த இடத்தில் திருப்ப? இடது சக்கரங்களுக்கு மட்டும் கொடுத்தால்

3.33

திரும்புகிறது. அங்குலம் அங்குலமாக. நின்றுவிடாதே.

3.36

பின்பக்கம் சூரியனுக்கு. விளக்கு, ரேடியோ தவிர எல்லாம் அணைந்தது. முன் மீட்டர் இப்போது நிழலில், அது ஏழில் உறைந்துவிடும், இனி அதைப் பார்த்துப் பிரயோஜனமில்லை.

வாழ்நாளில் முதல் தடவை ஒரு எண் இறங்க வேண்டும் என்று ஜெபிக்கிறேன். இறங்கு.

"டாக்டர், ஏன் ஊர்திய திருப்புறீங்க? சும்மா இருங்க, ப்ளீஸ். எண்பது இருக்கு."

இறங்கு.

3.41

தலை கனக்கிறது. விரல் நுனி மரத்துவிட்டது. சாலமோன், நேரில் சொல்வதாக இருந்தேன். நேற்று பதில் அனுப்பியது

"எண்பது. எல்லாம் சரியா இருக்கு."

எதுவும் சரியில்லை அம்மா.

3.44

"எழுபத்தெட்டு... டாக்டர்? எழுபது. அம்பத்தஞ்சு. என்ன இது, இவ்வளவு வேகமா..."

இறங்கட்டும்.

"முப்பது. பதினெட்டு. யா அல்லாஹ். அஞ்சு! அஞ்சுதான் இருக்கு! சிலிண்டரை எடு, ஓடு, ஓடு!"

நல்லது. நல்ல மீட்டர்.

3.50

மேட்டின்மேல் வெள்ளையாக இரண்டு. குதித்துக் குதித்து வருகிறார்கள். ரொம்பத் தூரம். ரொம்பச் சின்னதாக.

படிப்பவருக்கு. திருத்தம். வெயிலில் நின்றால் மீட்டர் பொய் சொல்லாது என்று நான் சொன்னது தப்பு. ஊர்தி வெயிலில் நின்றால் போதாது. மீட்டர்மேல் வெயில் விழ வேண்டும். அதன்மேல். நேராக அதன்